பேட்டியோவும் குளிர்காலமும்: உள்ளே எடுப்பதா, மூடுவதா, அப்படியே விடுவதா?

அக்டோபர் இரண்டாம் திங்களன்று தாங்ஸ்கிவிங் விடுமுறை வரும்போது ரொறன்ரோப் பெருநகரப் பகுதியின் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்து வீடுகளில் ஒரு கேள்வி எழும். கோடை முழுக்கப் பேட்டியோவில், அதாவது பின்வளவுத் திறந்த தளத்தில், கிடந்த மேசை, கதிரை, குடை, கசீபோ (தூண்கள் மேல் கூரை போட்ட பந்தல்), பூச்சாடிகள் எல்லாவற்றையும் என்ன செய்வது? கராஜுக்குள் அடுக்கலாம், இருந்த இடத்திலேயே கவர் போட்டு மூடலாம், எதையும் தொடாமல் ஏப்ரல் வரை விடலாம். பலரும் இதில் ஒன்றைத் தேர்ந்து எல்லாப் பொருளுக்கும் அதையே செய்துவிடுகிறார்கள். அப்போது உள்ளே போகவேண்டியது வெளியே கிடந்து வெடிக்கிறது, வெளியே கிடக்கக் கூடியது கராஜை அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக முடிவெடுப்பதுதான் சரி. அதற்கு ஒரு கேள்வி போதும்: இதற்குள் தண்ணீர் புகுந்து தங்க இடம் இருக்கிறதா?

குளிர் தன்பாட்டில் கல்லையோ மேசையையோ உடைப்பது அரிது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. ஒரு குழாய்க்குள்ளோ, மண்சாடியின் நுண்துளைக்குள்ளோ, கொங்கிறீற் வெடிப்புக்குள்ளோ அது அடைபட்டிருந்தால் சுற்றியிருப்பதைப் பிளந்துகொண்டுதான் விரியும். வின்னிபெக்கில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போனால் வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். ஒன்ராறியோ ஏரிக்கரையில் அப்படி இல்லை. பகலில் உருகும், இரவில் உறையும், மறுநாள் திரும்பவும் உருகும். ஒவ்வொரு தடவையும் வெடிப்பு கொஞ்சம் அகலும், அடுத்த தடவை கூடுதல் தண்ணீர் உள்ளே போகும். ரொறன்ரோவில் மைனஸ் 20 பாகைக்குப் போகும் ஓர் இரவை விட, மார்ச் மாதத்தில் ஈரமும் உறைவும் மாறி மாறி வரும் நாட்கள்தான் பேட்டியோவுக்குக் கூடாத நாட்கள்.

மேசையும் கதிரையும்

இதில் முதலில் பார்க்கவேண்டியது பொருள் எதனால் ஆனது என்பது. தேக்கு என்றால் வெளியே விடலாம். அதன் இயற்கையான எண்ணெய்ப்பசை தண்ணீரை ஊறவிடாது. நிறம் சாம்பலாகும், பலம் குறையாது. கால்கள் தேங்கிய தண்ணீரில் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். தேக்குக் கதிரையைச் சூடான வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பதுதான் தவறு. ஹீற்றிங் காற்றின் வறட்சியில் மரம் சட்டென்று சுருங்கி வெடிக்கும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பதால் பலர் அதை யோசிக்காமல் வெளியே விடுகிறார்கள். துரு வராதது உண்மைதான், ஆனால் அதன் கால்கள் உள்ளே வெறும் குழாய்கள். மழைத்தண்ணீர் மேல்மூட்டு வழியாக இறங்கி அடியில் தேங்கி உறைந்தால் கால் நீளவாக்கில் பிளந்துவிடும். அடியில் உள்ள பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் வடிய ஓட்டை இல்லையென்றால் கதிரைகளைக் கவிழ்த்தோ சாய்த்தோ வைத்து மூடுங்கள். அந்த ஒரு வேலையைச் செய்தால் அலுமினியத்துக்குக் கராஜ் தேவையில்லை.

இரும்புக்கு நேர் எதிர். பெயின்ற் உரிந்த ஒரு சிறு புள்ளி இருந்தாலும் ஈரம் அதற்குள் போய்த் துருவைப் பரப்பும். கராஜில் முதல் இடம் இரும்புக்கும், அசல் பிரம்புக்கும், குஷன்களுக்கும்தான். பிரம்பு போலப் பின்னிய செயற்கை நாரில் செய்தவை ஈரத்தைத் தாங்கும். ஆனால் கடும் குளிரில் அந்த நார் மொறுமொறுப்பாகிவிடும். ஜனவரியில் அதன் மேல் யாராவது உட்கார்ந்தாலோ, பனியைத் தட்டுகிறேன் என்று ஷவலால் அடித்தாலோ நார் அறும். வெளியே விடலாம், தொடக் கூடாது.

கண்ணாடி மேசைக்கு என் யோசனை, கண்ணாடியை மட்டும் கழற்றி உள்ளே எடுத்து நிறுத்தி வைப்பது. படுக்க வைத்து மேலே பெட்டி அடுக்காதீர்கள். சட்டம் வெளியே கிடக்கட்டும்.

குஷன்களை மூடி வெளியே வைப்பது எந்தக் கணக்கிலும் சரிவராது. நவம்பரில் இடம் தேடி அலையும் எலிகளுக்கு அதைவிட நல்ல கூடு கிடைக்காது. துவைத்து, முழுசாகக் காயவிட்டு, மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு பேஸ்மென்ற்றில் வையுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததைப் பெட்டியில் அடைத்தால் வசந்தத்தில் பூஞ்சணத்தோடுதான் திறப்பீர்கள்.

கவரா, தறப்பாளா?

மூடுவது என்று முடிவெடுத்தாலும் எதனால் மூடுகிறோம் என்பது பெரிய விஷயம். நீல நிறத் தறப்பாள் மலிவு, எந்த அளவிலும் வெட்டிக் கட்டலாம். ஆனால் அதற்குள் காற்றோட்டம் இல்லை. பகல் வெயிலில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, இரவில் தறப்பாளின் உட்பக்கத்தில் துளித்துளியாகப் படிந்து, திரும்பக் கதிரையின் மேலேயே சொட்டும். வெளியே இருந்து ஈரம் வராமல் தடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைப் பூட்டி வைக்கிற வேலை இது. இரும்புக் கதிரையைத் தறப்பாளால் இறுகச் சுற்றினால் திறந்து விட்டதைவிட வேகமாகத் துரு ஏறலாம்.

தைத்து விற்கும் கவர்களில் பக்கவாட்டில் காற்றுப் போக வலைத்துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். விலை கூடத்தான். அதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு: கவர் விலை, மூடப்போகும் பொருளைப் புதிதாக வாங்கும் விலையில் கால்வாசியைத் தாண்டினால், அந்தக் கதிரைக்குக் கவர் வேண்டாம், கராஜில் ஒரு மூலை கொடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கக்கூடிய பிளாஸ்ரிக் கதிரைகளுக்குக் கவர் வாங்குவது காசை எறிவதுதான்.

எந்தக் கவராக இருந்தாலும் நடுப்பகுதி உயர்ந்து நிற்க வேண்டும். மேசையின் நடுவில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் கவரை இழுத்தால் கூடாரம் போலச் சரிவு கிடைக்கும், தண்ணீரும் பனியும் வழியும். தட்டையாகப் போட்டால் நடுவில் குளம் கட்டும், அது உறைந்தால் பாரத்தில் கவர் கிழியும். கீழ்விளிம்பை நிலம்வரை இழுத்து மூடாதீர்கள். ஒரு கையளவு இடைவெளி காற்றுக்கு வேண்டும். நவம்பர் காற்றுக்குப் பறக்காமல் கால்களோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

கராஜ், ஷெட், வாடகை அறை

நம் வீடுகளில் கராஜ் காருக்காக மட்டும் இருப்பது அபூர்வம். அரிசி மூட்டை, இரண்டாவது ஃபிரிட்ஜ், மீன் பொரிக்கும் அடுப்பு, விருந்துக்கு எடுக்கும் பெரிய பானைகள் என்று அது ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அங்கே இடம் இல்லாதவர்கள் மாத வாடகைக்கு ஸ்ரோறேஜ் அறை எடுப்பதைப் பார்க்கிறேன். பேட்டியோ சாமானுக்காக மட்டும் அது வேண்டாம். ஆறு மாத வாடகையை இரண்டு வருடம் கட்டினால் பல வீடுகளில் அந்தத் தளபாடத்தின் விலையே வந்துவிடும்.

பின்வளவில் இடம் இருந்தால் ஷெட் நீண்டகாலத்துக்கு நல்லது. ஒன்ராறியோவில் 15 சதுர மீற்றருக்குள் அடங்கும், தண்ணீர்க்குழாய் இல்லாத, தனித்து நிற்கும் ஒருமாடி ஷெட்டுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது போன்ற நகர விதிகள் பொருந்தும், அவற்றை உங்கள் நகரசபையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஷெட்டும் ஹீற்றிங் இல்லாத கராஜும் ஈரத்தைத் தடுக்குமே தவிர உறைவைத் தடுக்காது. ஈரமண்ணோடு ஒரு சாடியை அங்கே வைத்தால் வெளியே வெடிப்பதுபோலவே அங்கும் வெடிக்கும்.

கசீபோ: இதில் தயக்கமே வேண்டாம்

துணிக்கூரை கசீபோவின் துணியைக் கழற்றத்தான் வேண்டும். 10 அடிக்கு 10 அடி கூரை என்றால் 9 சதுர மீற்றருக்குச் சற்று மேல். அதன்மேல் 30 சென்ரிமீற்றர் புதுப்பனி நின்றால், கன மீற்றருக்கு 100 கிலோ என்று வைத்தாலே 280 கிலோ பாரம். அதே உயரத்துக்கு ஈரப்பனி நின்றால் இரண்டு, மூன்று மடங்கு வரும். மெல்லிய தூண்கள் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. 2022 ஜனவரி 17 அன்று கொட்டிய பனி ரொறன்ரோவின் சில பகுதிகளில் ஒரே நாளில் அரை மீற்றர் அளவுக்குப் போனது. 2013 டிசம்பர் பனிக்கட்டி மழையில் மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகள் மேல் விழுந்து, நகரில் ஏறக்குறைய மூன்று லட்சம் வாடிக்கையாளர்கள் இருளில் இருந்தார்கள். மரத்தையே முறிக்கும் பாரத்துக்குத் துணிக்கூரை எம்மாத்திரம்?

உலோகக்கூரை கசீபோவை வைத்திருக்கலாம், கையேட்டில் பனிப்பாரம் எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருந்தால். எழுதவே இல்லையென்றால் துணிக்கூரைபோல நினைத்து, பனி கொட்டும்போதெல்லாம் நீளக்கம்புத் தள்ளுகோலால் இறக்கிவிடுங்கள். பெரிய குடைகளை மூடிக் கட்டி நிறுத்தி வைப்பதும் போதாது. காற்று பிடித்தால் சாயும். கழற்றிப் படுக்க வையுங்கள்.

தரை: உப்பா, மணலா, பனியை அப்படியே விடுவதா?

தளபாடம் போனால் வாங்கலாம். இன்ரர்லொக்கோ (பூட்டிப் பதிக்கும் தரைக்கற்கள்) கொங்கிறீற்றோ பழுதானால் அது ஆயிரக்கணக்கான டொலர் செலவு. அதனால் இந்த முடிவில்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

கடையில் மூட்டையாகக் கிடைக்கும் கல்லுப்பு, அதாவது சோடியம் குளோரைட், மலிவு. மைனஸ் 10 பாகைக்குக் கிட்ட வந்தால் அது பெரிதாக வேலை செய்யாது. கல்சியம் குளோரைட் மைனஸ் 25 வரை உருக்கும், தண்ணீரில் கரையும்போது தானே சூட்டைக் கிளப்பும், ஆனால் விலை பல மடங்கு, தரையில் வழுவழுப்பான படிவும் விடும். மக்னீசியம் குளோரைட் இரண்டுக்கும் நடுவே. அமோனியம் நைட்ரேட், அமோனியம் சல்பேட் கலந்தவற்றை வாங்கவே வேண்டாம், அவை கொங்கிறீற்றை நேரடியாக அரிக்கும்.

எந்த உப்பாக இருந்தாலும் கேடு பெரும்பாலும் ஒரே வழியில்தான் வருகிறது. பனியை உருக்கித் தண்ணீராக்குகிறது, அந்தத் தண்ணீர் துளைகளுக்குள் இறங்குகிறது, இரவில் திரும்ப உறைகிறது. இயற்கையாக வரும் உறைவு போதாதென்று நாமே இன்னும் சிலவற்றைச் சேர்த்துவிடுகிறோம். கொங்கிறீற்றின் மேல்தோல் செதில்செதிலாக உரிவது இப்படித்தான். போட்டு முதல் குளிர்காலத்தைக் காணும் புதுக் கொங்கிறீற்றில் உப்பு அறவே கூடாது. கட்டும்போதே நுண்ணிய காற்றுக்குமிழிகள் சேர்த்த கலவையா என்று கொந்தராத்துக்காரரிடம் கேட்பதும் நல்லது. அந்தக் குமிழிகள்தான் பனிக்கட்டி விரிய இடம் கொடுக்கின்றன.

உப்பு நம் வளவோடு நிற்பதும் இல்லை. ஸ்காபரோவில் கரைந்தது மழைநீர்க் குழாய் வழியாக ஹைலண்ட் ஓடைக்கும் ரூஜ் ஆற்றுக்கும், அங்கிருந்து ஏரிக்கும் போகிறது. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்கு நச்சு என்று கனடிய அரசின் மதிப்பீடு 2001இலேயே முடிவு சொன்னது. நடைபாதையில் யாரும் விழக்கூடாது என்பதற்காகப் போடுகிறோம், அது புரிகிறது. பின்வளவுப் பேட்டியோவில் ஜனவரியில் யார் நடக்கிறார்கள்?

ஆகவே பேட்டியோவுக்கு நான் சொல்வது: பெரும்பகுதியில் பனியை அப்படியே விடுங்கள். மேலே கிடக்கும் பனி ஒரு கம்பளி மாதிரி. அடியில் உள்ள கல் நாளுக்கு நாள் உறைந்து உருகாமல் ஒரே நிலையில் இருக்கும். முறையாகக் கட்டிய டெக் (பலகைத் தளம்) சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 190 கிலோ தாங்கும்படிதான் அமைக்கப்படுகிறது, அதனால் அங்கும் ஒவ்வொரு பனிக்கும் ஓடிப்போய் அள்ளத் தேவையில்லை. பழைய, ஆடுகிற டெக் என்றால் அது வேறு கதை, அதை இலையுதிர் காலத்திலேயே ஆளை அழைத்துக் காட்டுங்கள்.

அள்ளவேண்டிய இடம் இரண்டு. வீட்டுச் சுவரையும் கதவையும் ஒட்டிய ஒரு மீற்றர் அகலம், இல்லையென்றால் உருகும் தண்ணீர் கதவின் அடிச்சட்டம் வழியாக உள்ளே வரும். அப்புறம், கதவிலிருந்து கேற்வரை ஒரு ஆள் போகும் வழி. அவசரத்தில் பின்கதவு திறந்தால் ஓட வழி வேண்டும். அங்கே வழுக்கினால் மணல் தூவுங்கள். மணல் உருக்காது, பிடிமானம் மட்டும் தரும், சப்பாத்தோடு கொஞ்சம் வீட்டுக்குள்ளும் வரும். வாசலில் ஒரு மிதியடியைக் கூடப் போட்டால் முடிந்தது. பூனையின் கழிவுப் பெட்டிக்குப் போடும் பூனைமண்ணை இதற்குப் பயன்படுத்துவோர் உண்டு. களிமண் வகை ஈரத்தில் சேறாகிவிடும், வேண்டாம். ஷவல் பிளாஸ்ரிக் விளிம்போடு இருக்கட்டும், டெக்கில் பலகை ஓடும் திசையிலேயே தள்ளுங்கள்.

அள்ளிய பனியை எங்கே போடுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். பேஸ்மென்ற் யன்னல் குழியில் குவித்தால் உருகும்போது உள்ளே கசியும். பல வீடுகளில் ஃபேர்னஸின் (வீட்டைச் சூடாக்கும் அடுப்பு) வெள்ளைக் குழாய்கள் பக்கச்சுவரில் தாழ்வாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பனி மூடினால் ஃபேர்னஸ் நின்றுபோகும், அல்லது கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு வீட்டுக்குள் திரும்பும்.

பனிக்கு முன் இலைகளைக் கூட்டி அள்ளிவிடுங்கள், மேப்பிள் இலை நனைந்து கல்லோடு ஒட்டிக்கிடந்தால் கறை விடும். சீலர் (தண்ணீர் ஊறாமல் தடுக்கும் பூச்சு) பூசுவதென்றால் கல்லுக்குள் ஊறும் வகையைத் தேர்ந்தெடுங்கள். மேலே படலமாகப் பளபளக்கும் வகை ஈரத்தை உள்ளே அடைக்கும், பனியில் வழுக்கவும் செய்யும். இது காய்ந்த கல்லில், 10 பாகைக்கு மேல் சூடு உள்ள நாட்களில் செய்யும் வேலை. செப்டெம்பரில் முடிக்காவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம்.

சாடிகளும் கறிவேப்பிலையும்

வெறும் சாடிகளைப் பற்றி ஒரு வரி: மண்சாடி, பளபளப்புப் பூசிய சாடி இரண்டையும் மண்ணைக் கொட்டி, கழுவிக் காயவைத்து உள்ளே கவிழ்த்து வையுங்கள்; தடித்த பிளாஸ்ரிக் சாடிகள் வெளியே கிடக்கலாம்.

கறிவேப்பிலைக்கு வருவோம், இதில் தவறினால் வருடக்கணக்கான வளர்ப்பு போய்விடும். மற்றச் சாமானுக்கு அக்டோபர் போதும், இதற்கு அவ்வளவு நேரம் இல்லை. இரவு வெப்பம் 10 பாகையைத் தொடத் தொடங்கும் செப்டெம்பர் கடைசியிலேயே உள்ளே வந்துவிட வேண்டும். ரொறன்ரோவில் பழைய இத்தாலியக் குடும்பங்கள் அத்திமரத்தை வளைத்து மண்ணுக்குள் புதைத்துக் குளிர்காலத்தைக் கடத்துவார்கள். கராஜிலும் அத்தி உறங்கிப் பிழைக்கும். கறிவேப்பிலைக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. உறைபனி ஒருமுறை வேர்வரை இறங்கினால் முடிந்தது. கராஜ் அதற்கு இடமே இல்லை.

உள்ளே இரண்டு வழி இருக்கிறது. தெற்குப் பார்த்த யன்னலில், முடிந்தால் வளர்ப்பு விளக்கோடு வைத்து, குளிர்காலத்திலும் குழம்புக்கு நாலு இலை பறிப்பது ஒன்று. இதற்கு வெளிச்சமும் கவனமும் வேண்டும். ஹீற்றிங் காற்றின் வறட்சியில் சிலந்திப்பேன் பிடிக்கும், இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். மற்றது, பேஸ்மென்ற்றில் சற்றுக் குளிர்ந்த, ஆனால் உறையாத இடத்தில் உறங்கவிடுவது. இலைகள் மஞ்சளாகிக் கொட்டும், பலர் பயந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அதுதான் மரத்தைக் கொல்கிறது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் விடுங்கள். உரம் வேண்டாம். தண்டைச் சுரண்டினால் உள்ளே பச்சை இருந்தால் மரம் உயிரோடுதான் இருக்கிறது.

நல்ல யன்னல் இருப்பவர்களுக்கு முதல் வழி. நாள் முழுக்க வேலைக்குப் போய்விடுகிற, இருட்டான ரவுன்ஹவுஸில் இருப்பவர்களுக்கு உறங்கவிடுவதுதான் நல்லது. அரைகுறை வெளிச்சத்தில் கட்டாயப்படுத்தி வளர்த்தால் தண்டு மெலிந்து நீண்டு, பூச்சிக்குத்தான் உணவாகும். எந்த வழியென்றாலும் உள்ளே கொண்டுவரும் முன் சோப்புத் தண்ணீரால் கழுவி, இரண்டு வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். வெளியே எடுப்பது மே கடைசியில், முதல் சில நாள் நிழலில்.

மல்லிகைக்கும் இதே முறைதான். துளசிக்கு இவ்வளவு பாடு வேண்டாம், விதையை எடுத்து வைத்து வசந்தத்தில் புதிதாகப் போடுங்கள்.

தண்ணீர்க்குழாயும் காஸும்

வெளிக்குழாய்க்கு ஒப்பீடே இல்லை. ஹோஸைக் கழற்றுங்கள், பேஸ்மென்ற்றில் உள்ள வால்வை மூடுங்கள், வெளியே குழாயைத் திறந்தபடி விடுங்கள். உறையாத வகைக் குழாய் என்றாலும் ஹோஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் வடியாமல் நின்று உள்ளே வெடிக்கும்.

பார்பிகியூவைச் சுத்தம் செய்து கவர் போட்டு வெளியே விடலாம். புரொப்பேன் சிலிண்டரை எக்காரணத்துக்கும் கராஜுக்குள்ளோ ஷெட்டுக்குள்ளோ பேஸ்மென்ற்றிலோ வைக்காதீர்கள். குளிரில் கெட்டுவிடும் என்ற பயம் தேவையில்லை, புரொப்பேன் மைனஸ் 42 பாகையில்தான் கொதிநிலையை அடைகிறது, ரொறன்ரோக் குளிர் அதற்கு ஒன்றுமே இல்லை. வெளியே, நிமிர்த்தி, வால்வை மூடி வையுங்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியிலிருந்து பத்து வருடம் தாண்டியிருந்தால் நிரப்பித் தரமாட்டார்கள், மாற்ற வேண்டியதுதான்.

குளிர்காலத்திலும் பயன்படுத்துவதானால்

பேட்டியோவை மூடாமல், தை மாதத்திலும் வெளியே நின்று தேத்தண்ணி குடிக்க நினைப்பவர்களுக்கு மூன்று வழி. ரொறன்ரோ நகரில் விறகு எரிக்கும் குழியடுப்புக்கு அனுமதி இல்லை, அங்கீகரிக்கப்பட்ட காஸ் அடுப்புக்கு உண்டு. மற்ற நகரங்களில் விதி வேறு. காளான் வடிவ புரொப்பேன் ஹீற்றர் மணிக்கு ஏறக்குறைய 40,000 பீ.ரீ.யூ. (சூட்டை அளக்கும் அலகு) சூடு தரும், 9 கிலோ சிலிண்டர் பத்து மணித்தியாலம் போல வரும். காற்றடித்தால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி வானத்துக்குத்தான். சுவரில் பொருத்தும் 1,500 வாற் மின்சார ஹீற்றர் காற்றைச் சூடாக்காமல் எதிரே நிற்பவரைச் சூடாக்கும், மணிக்கு ஒன்றரை யூனிற் மின்சாரம் எடுக்கும், சிலிண்டர் தூக்கும் வேலை இல்லை. மாதத்தில் ஓரிரு தடவை விருந்தாளிகளோடு வெளியே நிற்பவர்களுக்கு புரொப்பேன் போதும். தினமும் வெளியே போய் உட்கார்பவர்களுக்கு, கூரையும் ஒரு பக்கச் சுவரும் இருந்தால், மின்சாரம்தான் என் தேர்வு.

காஸ் ஹீற்றரைக் கசீபோவுக்குள் வைத்துத் திரைகளை நாலு பக்கமும் இறக்கிவிட்டு உட்காராதீர்கள். குறைந்தது இரண்டு பக்கம் முழுசாகத் திறந்திருக்க வேண்டும், அப்படித் திறந்தால் குளிர்கிறது என்றால் அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே இருங்கள்.